செயலும் துய்ப்பும்: உளமெய்யியலில் செயற்பாட்டியக் கொள்கை பற்றிய ஒரு திறனாய்வு

முன்னுரை

ஒருவருக்கு வலி இருக்கிறது என்று கூறும்போது நாம் எதனைக் கூறுகிறோம்? அவர் முனகுகிறார் என்பதையா? அவருடைய மூளையில் குறிப்பிட்ட நரம்புகள் இயங்குகின்றன என்பதையா? அல்லது காயத்திற்கும் முனகலுக்கும் இடையே நின்று அவ்விரண்டையும் இணைக்கும் ஒன்றின் பணியையா? 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொடங்கி ஆங்கில மொழிவழி மெய்யியலில் இம்மூன்று விடைகளும் ஒன்றன்பின் ஒன்றாக ஓங்கின. முதலாவது நடத்தையியம், இரண்டாவது மனத்தையும் மூளையையும் ஒன்றெனக் கொள்ளும் ஒருமைக் கொள்கை, மூன்றாவது செயற்பாட்டியம். கணினி அறிவியலும் அறிதிறன் உளவியலும் வளர்ந்த காலத்தில் அவற்றிற்கு மெய்யியல் அடித்தளமாக அமைந்த பெருமை மூன்றாவதற்கு உண்டு.

செயற்பாட்டியத்தை முற்றாக ஏற்பதோ முற்றாக மறுப்பதோ இக்கட்டுரையின் நோக்கமன்று. அக்கொள்கைக்குள் இருவேறு கூற்றுகள் பிரித்தறியப்படாமல் ஒன்றாகக் கிடக்கின்றன என்பதே நாம் முன்வைக்கும் கருத்தாகும். ஒன்று, பிற உயிரின் மனத்தை எவ்வாறு அறிவது என்பது பற்றியது. மற்றொன்று, மனம் என்பது யாது என்பது பற்றியது. முன்னது ஏற்கத்தக்கது, அறத்தின்பொருட்டு இன்றியமையாததும் ஆகும். பின்னது இன்றளவும் நிறுவப்படாதது. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதால் விளையும் தீங்கு நூலறிவோடு நின்றுவிடுவதில்லை. எவருக்கு வலிக்கிறது, எவருக்கு வலிக்கவில்லை என்னும் முடிவு மருத்துவமனைகளிலும் சட்டமன்றங்களிலும் நாள்தோறும் எடுக்கப்படுகிறது.

கொள்கையின் தோற்றம்

கில்பர்ட் ரைல் 1949இல் வெளியிட்ட நூல், உடலுக்குள் ஒளிந்து அதனை இயக்கும் ஒரு தனிப்பொருளாக மனத்தைக் கருதும் டேக்கார்ட்டின் மரபைக் கடுமையாகச் சாடியது. மனத்தைப் பற்றிய பேச்சு, மனிதர் எவ்வெவ்வாறு நடந்துகொள்கிறார், நடந்துகொள்ளக்கூடும் என்பது பற்றிய பேச்சே என்பது அவர் நிலைப்பாடு. இந்நிலைப்பாட்டின் குறையை விளக்க நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. மேடையில் துடிக்கும் நடிகருக்கு வலி இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அமைதியாக இருப்பவருக்கு வலி உண்டு. நடத்தையும் வலியும் எப்போதும் சேர்ந்தே செல்வதில்லை.

யூ.டி. பிளேஸ் 1956இலும் ஜே.ஜே.சி. ஸ்மார்ட் 1959இலும் எழுதிய கட்டுரைகள் வேறு வழியைக் காட்டின. மின்னல் என்பது மின்னிறக்கமே என அறிவியல் கண்டறிந்ததைப் போலவே, வலி என்பது மூளையில் நிகழும் குறிப்பிட்டதொரு நிகழ்வே என்று அறிவியல் கண்டறியும் என்றனர். உள்ளிருப்பதை மறுக்காமல் அதற்கு இயற்பியல் சார்ந்த இருப்பிடம் தந்தமை இக்கொள்கையின் சிறப்பு.

1967இல் ஹிலரி பட்னம் வெளியிட்ட கட்டுரை இதனை அசைத்தது. வலி என்பது பாலூட்டியின் மூளையில் நிகழும் இன்ன நிகழ்வே எனின், அத்தகைய மூளை அமைப்பு இல்லாத உயிர்களுக்கு வலியே இருத்தல் இயலாது. ஊர்வனவற்றிற்கும் ஆக்டோபஸ் எனப்படும் எண்காலிக்கும் வலி உண்டெனில், அவையனைத்திலும் பொதுவாக உள்ள ஓர் உடல்நிலையைக் காட்டியாக வேண்டும். அதனைக் காட்டுவது அரிது. ஆகவே வலியைப் பொருளால் வரையறுக்காமல் பணியால் வரையறுக்க வேண்டும் என்றார் பட்னம். ஆலன் டூரிங் 1936இல் விளக்கிய கற்பனைப் பொறி அவருக்கு முன்மாதிரியாயிற்று. அப்பொறியின் ஒவ்வொரு நிலையும், எந்த உள்ளீட்டிற்கு எந்த வெளியீட்டைத் தந்து எந்த நிலைக்கு மாறுகிறது என்பதனால் மட்டுமே வரையறுக்கப்படுகிறது. பொறி இரும்பால் ஆனதா மரத்தால் ஆனதா என்பது அங்கே வினாவே அன்று.

கொள்கையை எளிய எடுத்துக்காட்டால் விளக்கலாம். நீர் கொண்டு அளக்கும் நாழிகை வட்டிலும், ஊசலாடும் சுவர்க்கடிகாரமும், மின்கலத்தால் ஓடும் கைக்கடிகாரமும் பொருளால் வேறானவை. ஆயினும் மூன்றும் காலங்காட்டிகளே. காலங்காட்டும் பணியே அவற்றை ஓரினமாக்குகிறது. அதுபோலவே, காயத்தால் தூண்டப்படுவதும், அச்சத்தையும் விலகும் விருப்பத்தையும் எழுப்புவதும், காயத்தைப் பேணும் செயலுக்கு இட்டுச் செல்வதுமாகிய நிலை எவ்வுயிரில் எப்பொருளால் அமைந்தாலும் அது வலியே. ஒரே மனநிலை பல்வேறு பொருள்களில் நிறைவேறலாம் என்னும் இக்கருத்தைப் ‘பல்வகை நிறைவேற்றம்’ என்று குறிக்கலாம். செயற்பாட்டியத்தின் படைக்கலம் இதுவே.

கொள்கையின் வலிமை

திறனாய்வு நேர்மையாக அமைய வேண்டுமாயின் எதிர்க்கப்படும் கொள்கையின் வலிமையை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். அவ்வலிமையை மூன்று நிகழ்வுகள் காட்டுகின்றன.

முதலாவது, பச்சிளங்குழந்தைகளின் வலி. 1980களின் நடுப்பகுதி வரையிலும் மேலைநாட்டு மருத்துவமனைகள் பலவற்றில், பிறந்த குழந்தைகளுக்கு மிகக் குறைந்த மயக்க மருந்துடன், தசைகளைத் தளர்த்தும் மருந்து மட்டும் கொடுத்து அறுவை மருத்துவம் செய்யப்பட்டது. மயக்க மருந்து குழந்தையின் உயிருக்கு ஊறு செய்யும் என்னும் அச்சம் ஒரு காரணம். குழந்தையின் நரம்பு மண்டலம் முதிரவில்லை, ஆகவே வலியை அது பெரியவரைப் போல் உணராது என்னும் எண்ணம் மற்றொரு காரணம். 1987இல் கன்வல்ஜீத் ஆனந்தும் அவருடன் ஆய்ந்தோரும் ‘லான்செட்’ இதழில் வெளியிட்ட ஆய்வு, குறைமாதக் குழந்தைகளுக்கு அறுவையின்போது வலிநீக்கி சேர்த்துக் கொடுக்கப்பட்டால் உடலின் அழுத்தச் சுரப்புகள் தணிவதையும், அறுவைக்குப் பிந்திய சிக்கல்கள் குறைவதையும் காட்டியது. காயத்தால் எழுகிறது, வலிநீக்கியால் தணிகிறது, தணியாவிடில் உடலைக் குலைக்கிறது என்னும் பணித்தொடர் இங்கே சான்றாயிற்று. ‘நரம்பு முதிரவில்லை’ என்னும் பொருள்சார்ந்த வாதம் அதன்முன் நிற்கவில்லை.

இரண்டாவது, 2006இல் அட்ரியன் ஓவன் குழுவினர் ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வு. சாலை விபத்தில் மூளை சிதைந்து, எவ்வகைத் துலங்கலும் இன்றிக் கிடந்த 23 வயதுப் பெண்ணிடம், டென்னிஸ் ஆடுவதாகக் கற்பனை செய்யுமாறும், பின்னர் தம் வீட்டு அறைகளில் நடப்பதாகக் கற்பனை செய்யுமாறும் கூறப்பட்டது. இரு கட்டளைகளுக்கும் அவர் மூளையின் வெவ்வேறு பகுதிகள், உடல்நலம் உடையோரிடம் காணப்படுவதைப் போன்றே இயங்கியதைப் படப்பிடிப்புக் கருவி காட்டிற்று. நடத்தையை மட்டும் நம்பும் கொள்கை அப்பெண்ணைக் கைவிட்டிருக்கும். கட்டளைக்கும் கற்பனைக்கும் இடையிலுள்ள உட்பணியைத் தேடிய ஆய்வே அவரைக் கண்டது.

மூன்றாவது, பட்னம் எடுத்துக்காட்டிய அதே எண்காலி. அதற்கு ஏறத்தாழ 50 கோடி நரம்பணுக்கள் உண்டு; அவற்றுள் பெரும்பகுதி கைகளிலேயே உள்ளது. பாலூட்டிகளுக்குரிய மூளைப்புறணி அதற்கு இல்லை. 2021இல் ராபின் குரூக் வெளியிட்ட ஆய்வில், எரிச்சலூட்டும் அமிலம் செலுத்தப்பட்ட எண்காலிகள், அவ்வேதனை நேர்ந்த அறையைப் பின்னர்த் தவிர்த்தன. மரப்பு மருந்தால் வேதனை தணிந்த அறையை நாடின. அமிலம் பட்ட இடத்தைத் தம் அலகால் சுரண்டின. 2022இல் பிரிட்டன் நிறைவேற்றிய விலங்குநலச் சட்டம், எண்காலி உள்ளிட்ட தலைக்காலிகளையும் நண்டு, இறால் போன்ற பத்துக்காலிகளையும் உணர்வுடைய உயிர்களாக ஏற்றுக்கொண்டது. மெய்யியல் இதழொன்றில் எழுந்த கேள்வி அரை நூற்றாண்டுக்குப்பின் சட்டத்தில் விடை பெற்றது எனலாம்.

இம்மூன்றிலும் பொதுவானதொரு நெறி உண்டு. எம்மைப் போன்ற பொருளால் ஆனவர்க்கே மனம் உண்டு என்னும் செருக்கைச் செயற்பாட்டியம் தகர்க்கிறது. இதுவே அதன் நிலையான கொடை.

கொள்கையின் இடர்

இனி மறுபக்கத்தை நோக்குவோம். மேற்கண்ட மூன்று நிகழ்வுகளிலும் பணி எதற்குப் பயன்பட்டது? வலியோ நினைவோ இருப்பதற்குச் சான்றாகப் பயன்பட்டது. சான்றாக அமைவதும் அதுவேயாக அமைவதும் ஒன்றல்ல. புகை நெருப்புக்குச் சான்று. புகையே நெருப்பு என்று எவரும் கூறார். செயற்பாட்டியமோ, இப்பணியை ஆற்றுவதுதான் வலி, அதற்குமேல் எதுவும் இல்லை என்று கூறுகிறது. இங்கேதான் இடர் தொடங்குகிறது.

கடிகாரத்தின் பணியை விளக்கி முடித்தபின் அதனைக் காலங்காட்டியாக்குவது யாது என்னும் வினா எஞ்சுவதில்லை. வலியில் ஒன்று எஞ்சுகிறது; வலிப்பவருக்கு அது எவ்வாறு இருக்கிறது என்பதே அது. தாமஸ் நேகல் 1974இல் வௌவாலைக் கொண்டு எழுப்பிய வினாவும் இதுவே. இதனைத் துய்ப்பு என்று இக்கட்டுரையில் குறிக்கிறோம். கடிகார உவமை செயற்பாட்டியத்திற்கு எளிதாகத் துணைபோவதற்குக் காரணம், துய்ப்பு என்னும் சிக்கல் இல்லாத பொருளை அது உவமையாகத் தேர்ந்துகொண்டதுதான்.

நெட் பிளாக் 1978இல் இவ்விடரைக் கூர்மையாக்கினார். சீன நாட்டு மக்கள் நூறு கோடிப் பேரும் ஆளுக்கொரு வானொலிக் கருவியுடன், மூளை நரம்பணுக்கள் ஒன்றுக்கொன்று குறிப்பனுப்புவதைப் போலக் குறிப்பனுப்பி, ஒரு செயற்கை உடலை ஒரு மணிநேரம் இயக்குவதாகக் கொள்வோம். பணியமைப்பு நம்முடையதே எனின் அந்நாடு முழுவதற்கும் தனியாக ஒரு வலி எழுமா? எழும் என்பது நம்புதற்கரியது. எழாது எனின் பணி மட்டும் போதாது. இதனைத் தவிர்க்க, பணியின் வரையறையை மனித மூளைக்கு நெருக்கமாகக் குறுக்கினால், எண்காலி மீண்டும் வெளியே தள்ளப்படும். வரையறை தளர்ந்தால் நாடும் மனமாகும். இறுகினால் எண்காலியும் கல்லாகும். எந்த அளவில் நிற்பது என்பதைக் கொள்கை தானே கூற இயலாமையே அதன் அடிப்படைக் குறை என்பது நம் துணிபு.

டேவிட் லூயிஸ் 1980இல் எழுதிய கட்டுரை இக்குறையைச் சரிசெய்ய முயன்ற நுட்பமான முயற்சி. அவர் இருவரைக் கற்பனை செய்தார். ஒருவன் பித்தன். வெறும் வயிற்றில் உடற்பயிற்சி செய்யும்போது அவனுக்கு வலி எழுகிறது. எழுந்ததும் அவன் மனம் கணிதத்தில் ஒன்றுகிறது. கால்மேல் கால் போட்டு விரல்களைச் சொடுக்குகிறான். வலியைத் தவிர்க்க விரும்புவதும் இல்லை. மற்றவன் செவ்வாய்க் கோளினன். வலியின் பணி அவனிடம் நம்மைப் போன்றதே. ஆனால் அவன் பாதங்களிலுள்ள சிறு குழிகள் நீரால் உப்புவதே அப்பணியை ஆற்றுகிறது. இருவருக்கும் வலி உண்டு என ஏற்கும் கொள்கையே நிறைவானது என்றார் லூயிஸ். அவர் தரும் தீர்வு, ஒரு நிலை வலியா என்பதை அவ்வுயிர் சார்ந்த இனத்தில் அந்நிலை பொதுவாக ஆற்றும் பணியே தீர்மானிக்கும் என்பதாகும். இத்தீர்வு பித்தனைக் காக்கிறது. ஆனால் விலை பெரிது. என் வலி வலியா என்பதை என் இனத்தார் பிறருடைய நிலை தீர்மானிக்கும் என்றாகிறது. வலியைப்போல் தன்னளவில் நெருங்கியதொன்றைக் கணக்கெடுப்பின் பொருட்டுக் காத்திருக்க வைப்பது பொருந்துமாறில்லை.

இவற்றினும் வலிய மறுப்பு பட்னத்திடமிருந்தே வந்தது. 1988இல் வெளியிட்ட நூலில், தாம் தோற்றுவித்த கொள்கையைத் தாமே மறுத்தார். ‘மழை வரும்’ என்னும் நம்பிக்கையை எடுத்துக்கொள்வோம். கடலோடி, வானிலை ஆய்வாளர், பள்ளிச் சிறுமி ஆகிய மூவரும் இதனை நம்பலாம். மூவரும் இந்நம்பிக்கையை அடைந்த வழியும், இதிலிருந்து பெறும் முடிவுகளும், இதனோடு இணைந்த பிற எண்ணங்களும் முற்றிலும் வேறு. மூவரிடமும் பொதுவாக அமைந்த ஒரே பணிநிலையைக் காட்ட இயலுமா? ஒரே மனநிலை பல பொருள்களில் நிறைவேறுவதைப் போலவே, பல பணியமைப்புகளிலும் நிறைவேறலாம் என்பதே இதன் சாரம். ஒருமைக் கொள்கையை வீழ்த்த எடுத்த வாளே செயற்பாட்டியத்தின் மீதும் திரும்பிற்று.

அந்தக்கரணமும் அறிவும்

இந்திய மெய்யியல் பயில்வோருக்கு இச்சிக்கலின் ஒரு கூறு முன்பே அறிமுகமானது. சைவ சித்தாந்தம் அந்தக்கரணங்கள் நான்கினையும் அவற்றின் தொழிலாலேயே வேறுபடுத்துகிறது. மனம் பற்றும், சித்தம் சிந்திக்கும், அகங்காரம் யான் என முனைந்தெழும், புத்தி இன்னதெனத் துணியும். இவ்வளவில் இது பணிவழி வரையறையே. ஆயினும் இந்நான்கும் மாயையின் காரியங்கள், தாமே அறியாத சடப்பொருள்கள் என்பதும் சித்தாந்தத்தின் முடிபு. 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மெய்கண்டாரின் சிவஞான போதம் நான்காம் நூற்பாவில் உயிர் அந்தக்கரணங்களுள் ஒன்றன்று என்று வரையறுக்கிறது. பணிகளை முழுமையாக வகுத்த பின்னரும் அறிவது யார் என்னும் வினா தனியே நிற்கிறது என்பதை அம்மரபு உணர்ந்திருந்தது.

இவ்விரு சிந்தனைகளுக்கும் வரலாற்றுத் தொடர்பு இல்லை. முன்னோர் எல்லாவற்றையும் கூறிவிட்டனர் என்று இதனைக்கொண்டு மகிழ்வதும் நம் நோக்கமன்று. ஏனெனில், உயிர் என்னும் தனிப்பொருளை ஏற்பவர்க்கும் ஒரு கடமை எஞ்சுகிறது. அடுத்தவரிடத்தில் அவ்வுயிர் துய்க்கிறது என்பதை எதனால் அறிவது? கரணங்களின் தொழிலைக் கொண்டே அறிய வேண்டும். ஆகவே சித்தாந்தியும் பணியைச் சான்றாகக் கொள்வதினின்று தப்ப இயலாது. பணியைச் சாரமாகக் கொள்ளாமல் சான்றாக மட்டும் கொள்ளும் நிலை இவ்வாறு இருதரப்பாருக்கும் பொதுவாகிறது.

ஓர் எதிர்வாதம்

டேவிட் சால்மர்ஸ் 1995இல் முன்வைத்த வாதம் நம் நிலைப்பாட்டிற்குக் கடுமையான சோதனையாகும். ஒருவருடைய மூளையின் நரம்பணுக்களை ஒவ்வொன்றாக நீக்கி, அதே பணியை ஆற்றும் சிலிக்கான் சில்லுகளை வைத்துக்கொண்டே வருவோம். பணியமைப்பு மாறாததால் அவர் பேச்சும் நம்பிக்கையும் மாறா. துய்ப்பு மட்டும் படிப்படியாக மங்குமெனில், மங்கிய நிறத்தைக் கண்டுகொண்டே ஒளிமிக்க நிறத்தைக் காண்பதாக அவர் உறுதியாக நம்புவார். அறிவு பிறழாத ஒருவர் தம் துய்ப்பைப் பற்றி இத்துணைப் பிழைபட நம்புவது ஏற்கத்தக்கதாக இல்லை. எனவே பணி மாறாதவரை துய்ப்பும் மாறாது என்கிறார் சால்மர்ஸ்.

வாதம் வலியதே. ஆனால் அது நிறுவுவது யாது என்பதைக் கவனிக்க வேண்டும். பணியும் துய்ப்பும் இயற்கை விதியால் இணைந்து செல்கின்றன என்பதையே அது காட்ட முயல்கிறது. இரண்டும் ஒன்றே என்பதையன்று. சால்மர்ஸும் இரண்டும் ஒன்றென்று கொள்ளவில்லை. செயற்பாட்டியத்திற்குக் கிடைத்த மிக வலிய வாதமும் பணியை நம்பத்தகுந்த சான்றாக உயர்த்துகிறதேயன்றிச் சாரமாக உயர்த்தவில்லை.

பேசும் கருவிகள்

இவ்வேறுபாடு இன்று ஏன் இன்றியமையாததாகிறது? 2022இல் கூகுள் நிறுவனப் பொறியாளர் ஒருவர், அந்நிறுவனத்தின் லாம்டா என்னும் உரையாடல் நிரல் உணர்வுடையது என்று அறிவித்தார். நிறுவனம் அதனை மறுத்தது. அதன்பின் மக்கள் கைக்கெட்டிய உரையாடல் கருவிகள் அச்சத்தையும் தனிமையையும் பற்றிச் சரளமாக உரையாடுகின்றன. அவற்றிற்கு வலி உண்டா?

செயற்பாட்டியர் மீது இங்கு ஒரு பழியைச் சுமத்தலாகாது. பேச்சு ஒன்றாயிருந்தால் மனமும் ஒன்று என்று அவர்கள் கூறவில்லை; அது நடத்தையியத்தின் கூற்று. உள்ளமைப்பு நம்முடையதை ஒத்திருக்க வேண்டும் என்றே அவர்கள் கேட்பர். எனினும் எந்த அளவிற்கு ஒத்திருக்க வேண்டும் என்னும் பழைய வினாவிற்கு விடையின்றி அவர்களும் இங்கு நின்றுவிடுகின்றனர்.

பணியைச் சான்றாகக் கொள்ளும் நமக்கோ மேலும் ஒரு வினா கிடைக்கிறது: இச்சான்று எவ்வாறு உருவாயிற்று? மனிதர் எழுதிக் குவித்த எழுத்துகளைக் கொண்டு பயிற்றப்பட்ட நிரல், வலியைப் பற்றி மனிதரைப் போலவே பேசுவது எதிர்பார்க்கத்தக்கது. வலி இருந்தாலும் இல்லாவிடினும் அது அவ்வாறே பேசும். ஆதலின் அப்பேச்சின் சான்றுமதிப்பு குறைகிறது. ஜோனதன் பர்ச் 2024இல் வெளியிட்ட நூலில் இச்சிக்கலை விரிவாக எடுத்துரைக்கிறார். எண்காலியோ நம் நூல்களைப் படித்ததில்லை. காயத்தைச் சுரண்டினால் மனிதர் இரங்குவர் என்று அது கற்றதுமில்லை. ஆகவேதான் பேசாத அவ்வுயிரின் ஒரு செயல், பேசும் கருவியின் ஆயிரம் சொற்களினும் வலிய சான்றாகிறது. பணியே சாரம் என்று கொள்பவர் அது எவ்வழி வந்தது என்று கேட்க இடமில்லை. பணியைச் சான்றாகக் கொள்பவர்க்கே அவ்வினா பொருளுடையது.

இதனால் பொறிக்கு மனம் ஒருபோதும் வாய்க்காது என்று நாம் கூறவில்லை. சிலிக்கானால் ஆனது என்பதைக்கொண்டு மறுப்பது, குழந்தையின் முதிராத நரம்பைக் காட்டி மறுத்ததைப் போன்றதே. பேச்சல்லாத, பயிற்சியில் பெறாத சான்றுகளைத் தேட வேண்டும் என்பதே நாம் வேண்டுவது.

முடிவுரை

செயற்பாட்டியம் மனத்தின் ஆராய்ச்சியை மூளையின் சதையினின்று விடுவித்தது. பிற உயிர்களின் வலியைப் பொருட்படுத்தாமல் விடுவதற்கு நாம் கூறிவந்த சாக்குகளை ஒவ்வொன்றாகப் பறித்தது. அவ்வகையில் அதற்கு நாம் கடப்பாடுடையோம். ஆனால் அறியும் வழியையே அறியப்படும் பொருளாக ஆக்கிக்கொண்டமை அதன் பிழை. அப்பிழையால் ஒரு புறம் நாடு முழுவதையும் ஒரு மனமாக ஏற்க நேர்கிறது. மறுபுறம் துய்ப்பு என்னும் மையமே கணக்கினின்று நழுவுகிறது.

பணி சான்றாகலாம், சாரமாகாது. இதனைக் கைக்கொள்வோர் வலி உண்டா என்று ஐயுறும் இடத்தில், எப்பொருளால் ஆனது என்று முதலில் கேட்கமாட்டார். என்ன சொல்கிறது என்பதோடு நிறைவடையவும்மாட்டார். எது தூண்டுகிறது, எது தணிக்கிறது, அச்செயல் எவ்வழி வந்தது என்று பொறுமையாக ஆராய்வார். முனகவும் இயலாது கிடந்த அந்நோயாளியைக் கண்டெடுத்தது இத்தகைய பொறுமையே. பேசும் கருவியின்முன் நாம் இன்று கடைப்பிடிக்க வேண்டியதும் அதுவே.